பிஸ்கோத்து மேஜை அக்கா

மூன்று வருஷம் நான் ஒருத்தியைப் பார்த்து வயிறெரிந்தேன். அவள் என் பகையாளி இல்லை. என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்துப் பேசியவளும் இல்லை. என் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து டின்னில் பிஸ்கோத்து அடுக்கிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. அதை எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை என்பது ஒரு காரணம். கம்பெனியில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பது இன்னொன்று. நேரில் ‘அக்கா’ என்பார்கள். முதுகு திரும்பியதும் ‘ரோடு ரோலர்’, ‘அரிசி மண்டி’. ஆரம்பித்து வைப்பது யாராக இருந்தாலும் கடைசிவரை சிரிப்பவள் நானாக இருப்பேன்.

ராயபுரத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், உப்புக் காற்றில் தகரமெல்லாம் துருவேறிப்போன ஒரு கொட்டகைதான் எங்கள் கம்பெனி. சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். ரேஷன் அரிசிக்கு விடியற்காலையிலேயே போய் நிற்க வேண்டிய காலம். எங்கள் வட்டாரத்தில் ஒரு பெண் குண்டாக இருந்தால், பார்ப்பவர்கள் மனதில் முதலில் வரும் கேள்வி, ‘இவளுக்கு மட்டும் எங்கேயிருந்து கிடைக்கிறது?’ என்பதுதான். அதற்கு அடுத்த கேள்வி கேட்கப்படாது. பதிலை அவர்களே வைத்திருப்பார்கள்.

மத்தியானம் மணி அடித்ததும் நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, மூடியைப் பாதி மூடினபடியே சாப்பிடுவோம். டப்பாவில் இருப்பது அடுத்தவள் கண்ணில் படக்கூடாது. அவள் மட்டும் முக்காலியை நடுவுக்குத் திருப்பிப் போட்டு, மூடியை முழுசாகத் திறந்து வைப்பாள்.

“இன்னிக்கி ரேசன் அரிசி, நெத்திலிக் கொழம்பு. அரிசில கல்லு கீது, பல்ல பாத்துக்க. வேணுங்கறவ கைய நீட்டு.”

யாரும் நீட்ட மாட்டார்கள். பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார்கள். அவளுக்கும் அது தெரியும்.

“இன்னாங்கடி பாக்கறீங்க? செவுத்தப் பாத்துக்கினு துன்னா நான் எளச்சிடுவனா?”

சொல்லிவிட்டு நிதானமாகச் சாப்பிடுவாள். அவள் எத்தனை கவளம் சாப்பிடுகிறாள் என்று நான் எண்ணுவேன். பதினாறு. என்னுடையதையும் எண்ணிப் பார்த்திருக்கிறேன். பதினெட்டு. இரண்டு கவளம் அதிகமாகத் தின்பவள் நான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கும்.

சாயந்திரம் கேட்டில் சோதனை. ஓர் ஆயா எங்கள் இடுப்பையும் மடியையும் தடவிப் பார்த்து வெளியே விடுவாள். என் முறை வரும்போது தோளில் ஒரே ஒரு தட்டு. “போ, போ. உன்னியத் தடவினா எலும்புதான் கைல குத்தும்.” அக்காவுக்கு மட்டும் சாக்குத் திரைக்குப் பின்னால் தனிச் சோதனை. கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்ப்பாள். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வரும்.

“நல்லாத் தேடு ஆயா. போன வாரம் எங்கூட்டுக்காரு பீடிக்கட்டத் தொலைச்சிட்டாரு. அதுவும் கெடைக்குதா பாரு.”

வரிசை முழுக்கச் சிரிக்கும். ஆயாகூடச் சிரிப்பாள். ஒருமுறை நான் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் கொண்டையை முடிந்துகொண்டே வெளியே வந்தாள். வாய் சிரித்துக்கொண்டிருந்தது. காது இரண்டும் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. அதை நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். அன்றைக்கு அவளிடம் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது ஆறுதல் இல்லை. ‘ஓ, இவளுக்கும் வலிக்குமா’ என்று ஒரு சின்னத் திருப்தி.

அந்தத் திருப்தியும் கேட்டுக்கு வெளியே வந்ததும் போய்விடும். வெளியே அவள் புருஷன் சைக்கிளோடு நிற்பார். ஹார்பரில் கிரேன் கொக்கி மாட்டும் வேலை அவருக்கு. என்னைப்போல ஒல்லி. கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த குழாயில் தன் துண்டை நனைத்துப் பிழிந்து தயாராக வைத்திருப்பார். அவள் வந்ததும் கொடுப்பார். அடுப்புச் சூட்டில் வெந்த முகத்தை அதில் துடைத்துக்கொண்டு அவள் கேரியரில் ஏறி உட்காருவாள். சைக்கிள் ஒரு முறை முனகும். தெருப் பையன்கள் கத்துவார்கள்.

“டயரு வெடிக்கப் போவுதுடோய்!”

“வெடிச்சா ஒட்டிக்கறேன். உனுக்கு இன்னாடா பேஜாரு?” என்பார் அவர், மிதித்துக்கொண்டே.

பாலத்து ஏற்றம் வந்தால் இருவரும் இறங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். பேசிக்கொண்டே போவார்கள். என்னதான் பேசுவார்கள்? நாள் முழுக்க மாவும் மூட்டையும் பார்த்தவர்களுக்கு அப்படி என்ன இருக்கும் பேச? அந்தப் பாலம் வரைக்கும் நான் அவர்கள் பின்னாலேயே நடந்திருக்கிறேன். எங்கள் வீடு எதிர்ப்பக்கம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எந்தக் கேட்டிலும் எனக்காக யாரும் நின்றதில்லை.

நைனா இல்லாத வீடு. அம்மாவும் நானும்தான். அந்த வருஷம் ஆடி கழிந்ததும் மீஞ்சூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, முழங்கைக்கு மேலே இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். விரல் இரண்டும் சுலபமாகச் சேர்ந்துகொண்டன.

“பொண்ணு லட்சணமாத்தான் கீது. ஒடம்புலதான் ஒண்ணியும் ஒட்டல. நெஞ்சு சீக்கு ஏதாவது…?”

“ஐயோ, அதெல்லாம் ஒண்ணியும் இல்லீங்க. நல்லா துன்னும்,” என்றாள் அம்மா.

“துன்றது எங்க போவுதாம்? தை பொறக்கட்டும். ஒடம்பு தேறியிருந்தா பேசலாம்.”

அவர்கள் போன பிறகு தண்ணீர்க் குழாயடியில் எங்கள் தெருக்காரி ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். “மனசு நல்லா இருந்தா சோறு ஒடம்புல ஒட்டும். அதுக்கு உள்ளார எதுவோ எரியுது. அதான் இப்படிக் காஞ்சி கெடக்குது.”

அவள் சொன்னது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனாலேயே அவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கம்பெனிக்குள் என் எலும்பு எனக்கு நற்சான்று, வீட்டில் அதே எலும்பு என் குற்றம். அக்காவுக்கு இது நேர்மாறு. எங்கள் தெருவில் அவள் ஒருமுறை என்னைத் தேடிக்கொண்டு வந்தபோது அம்மா அவளைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. “மகாலட்சுமி மாரி கீறா. பொம்பளன்னா இப்படி இருக்கணும்,” என்றாள். அவள் போன பிறகு என்னைப் பார்த்தாள்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனி அரைநாள் விடுமுறை. எங்கள் மேஜைக்காரிகள் ஐந்து பேர் பீச் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே எடை பார்க்கும் யந்திரம் ஒன்று இருந்தது. காசு போட்டால் ஒரு சின்ன அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் அந்த ஆளின் குணம். இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். நான் எட்டாவது வரை படித்தவள். எனக்குத்தான் படிக்கத் தெரியும்.

எல்லோரும் எடை தெரிந்துவிடுமே என்று கூச்சப்பட்டு நிற்க, அக்காதான் முதலில் ஏறினாள். யந்திரம் கடகடவென்று ஆடியது. அட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

“எவ்ளோ கண்ணு? சத்தமாச் சொல்லு. அவுங்களும் கேக்கட்டும்.”

“இருநூத்தி மூணு ராத்தல்.”

“அம்மாடி! அரிசி மூட்டையே தோத்துது போ. பின்னாடி இன்னா எழுதிகீது?”

பின்னால் எழுதியிருந்ததை நான் படித்தேன். ‘நீ நேர்மையானவள். உன்னை நம்பியவர்களை ஒருபோதும் கைவிடமாட்டாய்.’ ஓர் இரும்பு யந்திரம்கூட இவளுக்குத்தான் பரிந்து பேசுகிறதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நாக்கைக் கட்டிப்போடு, இல்லாவிட்டால் அடுத்தவர் சொத்தும் உன் வயிற்றுக்குள் போகும்னு போட்டிருக்கு,” என்றேன்.

மற்ற மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அட்டையை என் கையிலிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலை டின்களை இழுத்துப் போட்டுக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். “எங்கூட்டுக்காரு ஹார்பர்ல ஒரு கிளார்க்காண்ட அந்த அட்டையக் காட்னாரு. அவுரு வேற இன்னாவோ படிச்சாராம். உனுக்கு இங்கிலீசு கொஞ்சம் வழுக்குது கண்ணு.” சொல்லிவிட்டு ஒரு டின்னை என் பக்கம் தள்ளினாள். கொஞ்சம் பலமாகவே தள்ளினாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்போதே நான் திருட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

தைக்குள் உடம்பு தேற வேண்டும். ரேஷன் அரிசியில் எங்கே தேறுவது? எங்கள் மேஜைக்கு வருவது நெய் பிஸ்கோத்து. சாயந்திரம் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு கைப்பிடி எடுத்து, துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொள்வேன். கேட்டில் ஆயா தோளில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிடுவாள். எங்கள் தெருவுக்குத் திரும்பும் முனையில் ஒரு மரக்கிடங்கு உண்டு. அதன் சுவரோரம் நின்று அவசர அவசரமாகத் தின்பேன். தொண்டையில் மாவு அடைக்கும். ருசி எதுவும் தெரியாது. மருந்துபோல விழுங்குவேன். வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துப் பார்ப்பேன். விரல் இரண்டும் அதே மாதிரிச் சேரும். மூன்று மாதம் தின்றேன். கம்பெனி நெய்யெல்லாம் என் உடம்பில் எங்கே போயிற்று என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கார்த்திகையில் ஒருநாள் சூப்பர்வைசர் எங்கள் மேஜைக்கு வந்தார். நெற்றியில் விபூதி, சட்டைப்பையில் இரண்டு பேனா, அதிர்ந்து பேசாத மனிதர். அடுப்பிலிருந்து வரும் தட்டுகளையும் போகிற டின்களையும் எடை போட்டுப் பார்த்ததில் எங்கள் மேஜையில் மட்டும் மூன்று மாதமாகக் குறைகிறது என்றார்.

“நான் யார் பேரையும் சொல்லலை,” என்று எட்டுப் பேரையும் வரிசையாகப் பார்த்தார். கண் அக்காவிடம் வந்து நின்றது. “யார் தின்னிருப்பாங்கன்னு பார்த்தாலே தெரியுதே.”

யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். பிறகு முக்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டிருந்தார்கள். நானும் நகர்த்தினேன்.

அவள் எழுந்து நின்றாள். “என் ஒடம்பப் பாத்துச் சொல்றியா சார்?”

“நான் பேரே சொல்லலையேம்மா.”

“பேரு இன்னாத்துக்கு? அதான் கண்ணாலயே காட்டிட்டியே.” கையில் ஒட்டியிருந்த மாவை நிதானமாகத் தட்டிவிட்டாள். “சரி. திங்கக்கெழமலேர்ந்து ஒரு வாரம் நான் வெளிய நிக்கறேன். கூலி வேணாம். நீ எட போட்டுப் பாரு. அப்பவும் கொறஞ்சா என்னிய உள்ள வுடு. கொறயலன்னா நான் திருடிதான். நானே போயிடறேன்.”

சூப்பர்வைசர் யோசித்தார். அதில் அவருக்கு நஷ்டமில்லை. சரி என்றார்.

திங்கட்கிழமை நான் எதையும் எடுக்கவில்லை. பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஆயா அன்றும் என்னை ஒரு தட்டுத் தட்டித்தான் அனுப்பினாள். பயப்பட அங்கே எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமையும் எடுக்கவில்லை. பக்கத்து முக்காலி காலியாக இருந்தது. கையை அகல விரித்து வைத்து வேலை செய்தேன். சாயந்திரம் சூப்பர்வைசர் வந்து “இன்னைக்கும் எடை சரி” என்றார்.

புதன்கிழமைக்குள் மேஜை தீர்ப்புச் சொல்லிவிட்டது. “நான் அப்பவே நெனச்சேன்.” “டப்பாவத் தொறந்து வெச்சிக்கினு துன்னாளே, அதெல்லாம் நாடகம்.” “நாக்க அடக்கத் தெரியாதவ எத அடக்குவா?” அதோடு நிறுத்தவில்லை. என்னைக் காட்டிச் சொன்னார்கள். “இந்தப் பொண்ணப் பாரு, வாயக் கட்டி வளந்துகீது. அதான் கொடி மாரி கீது.” என் வாழ்க்கையில் முதல் தடவையாக என் உடம்பை நாலு பேர் மெச்சினார்கள். மூன்று மாதம் தின்ற பிஸ்கோத்தில் கிடைக்காத ருசி அதில் கிடைத்தது.

அவளும் புருஷனும் தினம் சாயந்திரம் கேட்டுக்கு வந்து நின்றார்கள். “இன்னிக்கி?” என்று கேட்பாள். “சரியா கீதும்மா,” என்பாள் ஆயா. அவள் என் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் கேரியரில் ஏறுவாள்.

வெள்ளிக்கிழமை மரக்கிடங்குச் சுவரோரம் அவள் தனியாக நின்றிருந்தாள்.

“இன்னா, இன்னிக்கும் வெறும் மடியோட வந்துட்டியா?”

“இன்னாக்கா சொல்ற?”

“நடிக்காத. மூணு மாசமா பக்கத்துலேர்ந்து பாத்துக்கினுதான் கீறேன். மணி அடிக்கறப்ப உம் மடி ஒரு கை பெருசாவும். எனுக்குத் தெரியாதா?”

“அப்ப ஏன் நீ சொல்லல?”

“யாராண்ட சொல்றது?” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. “உன்னியும் என்னியும் பக்கத்துல நிக்கவெச்சி, இந்த எலும்புதான் திருடுது, நான் இல்லன்னு சொன்னா எவன் நம்புவான்? காறித் துப்புவான். அதான் வெளிய வந்து நின்னேன். பசில எடுக்கற பொண்ணு, நிறுத்தமாட்டா, ரெண்டு நாள்ல எட கொறையும், நான் உள்ள போயிடலாம், உம் பேரும் வெளிய வராதுன்னு நெனச்சேன்.”

ஒரு மாட்டு வண்டி போயிற்று. அதற்கு வழிவிட்டு என் பக்கம் நகர்ந்து நின்றாள்.

“பசியா இருந்தா உன்னால நிறுத்தியிருக்க முடியாது கண்ணு. அப்ப இது பசி இல்ல. வேற இன்னாவோ.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நாளைக்கு சனிக்கெழம. கடைசி நாளு.” அவ்வளவுதான் சொன்னாள். கெஞ்சவில்லை, அதட்டவில்லை. நடந்து போனாள்.

அன்றிரவு முழுக்க அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துப் புரண்டுவிட்டு, ஒரு முடிவோடுதான் மறுநாள் வேலைக்குப் போனேன். சனிக்கிழமை அரைநாள். மணி அடிப்பதற்கு முன்னால் நேராக சூப்பர்வைசர் அறைக்குப் போனேன்.

“சார், பிஸ்கோத்து எடுத்தது நான்தான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு சிரித்தார்.

“நீயா? மூணு மாசம் நெய் பிஸ்கோத்து தின்ன ஒடம்பாம்மா இது?”

“சத்தியமா நான்தான் சார்.”

அவர் முகம் இளகியது. “உனக்கு நல்ல மனசு. அவமேல பாவம் பார்க்கறே.” பிறகு ஏதோ தோன்றியவர்போல முன்னால் சாய்ந்தார். “இரு. அவ உன்னை வெளியில பார்த்தாளா?”

“பாத்தாங்க சார்.”

“எப்போ?”

“நேத்து.”

“மிரட்டினாளா? பழியை நீ ஏத்துக்கோன்னு சொன்னாளா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கேட். வெயிலில் அக்காவும் அவள் புருஷனும் நின்றிருந்தார்கள். புருஷன் குழாயில் துண்டை நனைத்துப் பிழிந்தார். வழக்கம்போல அவளிடம் கொடுக்கவில்லை. தானே அவள் கழுத்தைத் துடைத்தார். காதுக்குப் பின்னால், பிடரியில், மெதுவாக. அவள் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றாள். தெருவே அவளைத் திருடி என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

வேலை போனாலும் இவளுக்கு இது இருக்கிறது. நான் உண்மையைச் சொன்னால் எனக்கு எது மிஞ்சும்?

“சொல்லும்மா. மிரட்டினாளா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

சூப்பர்வைசர் எழுந்து வேகமாகக் கேட்டுக்குப் போனார். அதிர்ந்து பேசாத மனிதர் அன்று தெருவுக்கே கேட்கும்படி பேசினார். “திருடினது போதாதுன்னு, ஒண்ணும் தெரியாத பொண்ணை மிரட்டிப் பழியைப் போடப் பார்க்கறியா? இனிமே இந்த வாசல்ல உன்னைப் பார்க்கக்கூடாது.”

“இன்னா சார், வாய்க்கு வந்ததப் பேசற? யாரு யார மெரட்னாங்கோ?” என்று புருஷன் கேட்டைப் பிடித்தார்.

அவள் அவர் கையைப் பிடித்தாள். படியில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. “வா, போலாம்,” என்றாள் அவரிடம். கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். சைக்கிள் முனகிக்கொண்டு போயிற்று.

தை பிறந்தது. மீஞ்சூர்க்காரர்கள் வரவே இல்லை. அதற்கப்புறம் நான் ஒரு பிஸ்கோத்தைக்கூடத் தொடவில்லை. எங்கள் மேஜையில் எடை குறையாததைப் பார்த்து அவள்தான் திருடி என்பது எல்லோருக்கும் நிச்சயமாயிற்று.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. திருவொற்றியூரில் இரும்புக் கடையில் வேலை செய்பவர். என் கையைப் பிடித்து அளந்து பார்க்காமலே சரி என்றவர். நல்ல மனிதர்தான். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு என் உடம்பு கேட்காமலே பருத்தது. அதே சோறு, அதே குழம்பு. ஒருநாள் மண்ணெண்ணெய்க் கடை வரிசையில் எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள்: “நமுக்கு வவுறு காயுது. சில பேருக்கு மட்டும் எப்படித்தான் கெடைக்குதோ.” நான் திரும்பிப் பார்க்கவில்லை. யாரைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. காது இரண்டும் சுட்டன.

அந்த வாரமே அவளைத் தேடிக்கொண்டு போனேன். காசிமேட்டில் ஆப்பக்கடை போட்டிருக்கிறாள் என்று கம்பெனி ஆயா எப்போதோ சொல்லியிருந்தாள். காலை வேளை. மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கடையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அடுப்புக்கு முன்னால் அவள். தலையில் நரை கொஞ்சம் கண்டிருந்தது. உடம்பு அப்படியே இருந்தது. உள்ளே அவள் புருஷன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

இடுப்பில் குழந்தையோடு போய் நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“தேறிட்ட,” என்றாள்.

“ஆமாக்கா.”

“உம் புள்ளயா?”

“ரெண்டாவது.”

சட்டியில் மாவை ஊற்றிச் சுழற்றினாள். மூடி போட்டாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“உன்னியப் பாத்தா ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீ துன்னது எனுக்குப் புரிஞ்சுது. நிறுத்துனதும் அப்பால புரிஞ்சுது. உள்ள போயி நான்தான்னு சொன்னியாமே, சூப்பர்வைசரு எல்லாராண்டயும் சொன்னாராம், ஆயா சொன்னா. சொன்னவ அப்பால இன்னாத்துக்குத் தலய ஆட்டுன? அதான் எனுக்கு இன்னிக்கும் வெளங்கல.”

பொய் சொல்ல நிறைய இருந்தது. பயம் என்று சொல்லியிருக்கலாம். அம்மா தனியாக இருந்தாள், வேலை போயிருக்கும் என்று சொல்லியிருக்கலாம்.

“அண்ணாத்த உன் கழுத்தத் தொடச்சிக்கினு இருந்தாரு,” என்றேன். “ஜன்னல் வழியாப் பாத்தேன்.”

அவள் கை மூடிமேலேயே நின்றுவிட்டது. ஆப்பத்தின் ஓரம் கருகும் வாசனை வந்தது.

“அதுக்கா?” என்றாள். பிறகு, இன்னும் மெல்லிய குரலில், “அதுக்கா கண்ணு?”

கருகிய ஆப்பத்தைச் சுரண்டி ஓரமாகப் போட்டாள். புதிதாக ஒன்று ஊற்றி, இலையில் வைத்து, தேங்காய்ப் பால் விட்டு என் குழந்தையின் பக்கம் நீட்டினாள். எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. “உனுக்கு எத்தினி?” என்று பக்கத்தில் இருந்த மீன்காரியிடம் கேட்டாள்.

குழந்தை தின்று முடிக்கும் வரை நின்றிருந்துவிட்டு நடந்தேன். தெருமுனையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவர் தேங்காய்த் துருவலோடு அடுப்புப் பக்கம் வந்து அவளிடம் ஏதோ கேட்டார். அவள் முகத்தைத் திருப்பாமல் ஏதோ சொன்னாள். அவர் தலையைத் தூக்கி, நான் நின்ற பக்கம் பார்த்தார்.

அந்த மனிதர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.